செத்தவன் சொல்லக் கூடாது

சுவரில் இரண்டு தட்டு கேட்டது. மிக்கேல்ராஜ் சட்டென்று வலப்பக்கம் திரும்பிச் சுட்டான். போன் திரையில், புதருக்குள் பதுங்கியிருந்தவன் சுருண்டு விழுந்தான். அடுத்த ஆளைத் தேடிப் பத்தடி ஓடிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது. பக்கத்து வீட்டில் ஆள் குடியிருந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது.

விரல்கள் திரையிலேயே நின்றுவிட்டன. ஆட்டத்தில் யாரோ அவனைச் சுட்டுத் தள்ளினார்கள், அதை அவன் கவனிக்கவில்லை. கட்டிலில் சுவரோடு முதுகு சாய்த்து உட்கார்ந்திருந்தவன் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டான். தகரக் கூரையில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது; காலையில் பெண்டாட்டி ரோசி அணைத்துவிட்டுப் போன ஈர விறகின் புகை இன்னும் உத்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது; பகல் இரண்டு மணிக்கே மூடுபனி வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. சுவர் சும்மா இருந்தது. எலியாக இருக்கும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டான். எலிக்கு இடம் வலம் தெரியுமா என்று மனசு கேட்டது.

பீர்மேட்டுக்கு மேலே ஜீப் மட்டும் ஏறும் ரோட்டின் முடிவில் இருந்தது அந்தத் தேயிலைத் தோட்டத்து லயம். ஒரே கூரைக்குக் கீழே ஆறு வீடுகள், வீட்டுக்கு வீடு ஒற்றைச் செங்கல் சுவர், பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் மண்திட்டு. ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் மூன்று வீட்டில் தும்முவார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டைக்குத் தீர்ப்பு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே வரும். பகலில் எல்லாரும் கொழுந்து எடுக்கப் போய்விட, தேயிலை பேக்டரியில் ராத்திரி ஷிப்டு பார்க்கிற இரண்டு பேர் மட்டும் வீட்டில் கிடப்பார்கள். கடைசி வீட்டில் பினு. அதற்கு முந்தின வீட்டில் மிக்கேல்ராஜ். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு, ஒரே ஞாயிறு பூசை, கடைசியில் ஒரே ஆட்டம்.

நூறு பேர் ஒரு தீவில் இறங்கி ஒருவரையொருவர் சுட்டு, மிஞ்சுகிறவன் ஜெயிக்கிற ஆட்டம் அது. போன வருஷம் டவுன் கிளப்காரர்கள் அதில் ஒரு போட்டி வைத்தார்கள். செத்தவன் ஆட்டத்தை விட்டுப் போக வேண்டியதில்லை; இருந்து, உயிரோடு இருக்கிறவர்களின் ஆட்டத்தையெல்லாம் பார்க்கலாம். திரை ஓரத்தில் ஒரு சின்னக் கண் படமும், எத்தனை செத்தவர்கள் உன்னைப் பார்க்கிறார்கள் என்ற எண்ணும் தெரியும். அதனால் கிளப்காரர்கள் முதல் விதியாகவே சொல்லிவிட்டார்கள், செத்தவன் சொல்லக் கூடாது என்று. எல்லாருடைய மைக்கையும் திறந்து வைத்து, வாய் திறக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

வாயைத்தானே கேட்பார்கள்? சுவரை யார் கேட்கப் போகிறார்கள்? யோசனை மிக்கேல்ராஜுடையது. பினு ஆட்டத்தில் வேண்டுமென்றே முதலில் போய்ச் சாவான். செத்தபின் எல்லாரும் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்று பார்த்து, சுவரில் தட்டுவான். ஒன்று என்றால் இடப்பக்கம், இரண்டு வலப்பக்கம், மூன்று பின்னால்.

"வேண்டாம்லே, கள்ளத்தனம்லே இது" என்றான் பினு.

"எவனுக்குலே தெரியப்போவுது? எனக்காகச் செய்லே."

அவனுக்காகச் செய்தான். அரையிறுதி வரைக்கும் அவனுக்காகச் செத்தான்.

அரையிறுதி ஆட்டத்தில், மூடியிருந்த கதவுக்குப் பின்னால் நிற்கிறவனை மிக்கேல்ராஜ் மூன்று தடவை சுட்டபோது குட்டு வெளிப்பட்டது. இரண்டு பேரையும் கிளப்புக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள். சுற்றிலும் தெரிந்த முகங்கள். "இவன்தான் தட்டுனான். நான் வேண்டாம்னுதான் சொன்னேன்" என்று மிக்கேல்ராஜ் சொல்லிவிட்டான். பினு அவனை ஒரு பார்வை பார்த்தான், அவ்வளவுதான். அன்று சாயங்காலம் பினுவின் போட்டோ எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் வந்தது, கீழே 'கள்ளன்' என்று எழுதி. சாயாக்கடையிலும் பேக்டரியிலும் அந்தப் பேரைச் சொல்லியே அவனைக் கூப்பிட்டார்கள். மிக்கேல்ராஜ் அதற்கும் வாய் திறக்கவில்லை. மூன்று வாரம் சுவர் மௌனமாக இருந்தது.

பிறகு அந்த மழை நாள். மதியம் இரண்டரைக்குத் 'தொம்' என்று ஒரு சத்தம். இடி என்று நினைத்தான். கொஞ்ச நேரத்தில் பினு சுவரில் தட்ட ஆரம்பித்தான். ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை. கணக்கே இல்லாமல் தட்டினான். மிக்கேல்ராஜ் ஆட்டத்தில் இருந்தான். கோபத்தில் தட்டுகிறான், அல்லது மறுபடி ராசியாகக் கூப்பிடுகிறான் என்று நினைத்துக்கொண்டான். ராசியானால் முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தால் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவன் எழுந்து எதிர் மூலைக்குப் போய், ஹெட்செட்டை மாட்டிச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டான்.

மாலையில் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்த பெண்கள் அலறிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. கடைசி வீட்டுக்குப் பின்னால் திட்டு சரிந்து, அடுப்படியை உடைத்துக்கொண்டு மண் உள்ளே புகுந்திருந்தது. பினுவை நடுச்சுவரோடு சேர்த்து வைத்து நெஞ்சுவரைக்கும் அமுக்கியிருந்தது. நாற்பது நிமிஷமாவது உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

பினுவுக்குத் தங்கச்சி ஜின்சி ஒருத்திதான். கல்லறைத் தோட்டத்தில் அவள் மிக்கேல்ராஜின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அண்ணே, நீங்க பக்கத்துலதான இருந்தீங்க? ஒண்ணும் கேக்கலையாண்ணே?"

"மழைச் சத்தம்மா" என்றான்.

ரோசியிடமும் அதையே சொன்னான். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூட அதையே சொன்னான். ஜின்சி கொழிஞ்சாம்பாறையில் சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போய்விட்டாள். மண்ணை அள்ளிக் கொட்டி, பின்னால் கல்கட்டுக் கட்டி, கடைசி வீட்டுக் கதவில் பலகை அடித்தார்கள்.

அந்த வீட்டிலிருந்துதான் இப்போது தட்டுகிறது.

மறுநாள் அவன் வேண்டுமென்றே ஆட்டத்தைத் திறந்தான். தீவில் இறங்கி, ஒருவர்கூடச் சாகாத நேரத்தில் திரை ஓரத்தைப் பார்த்தான். கண் படம் தெரிந்தது. பக்கத்தில் 1. ஒருவன் ஏற்கெனவே செத்திருந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதுகுத்தண்டில், செங்கல் வழியாக, ஒரு தட்டு. இடப்பக்கம் திரும்பினான். அங்கே ஆள் நின்றான்.

ஓடியிருக்கலாம். ரோசியிடம் சொல்லியிருக்கலாம். அவன் இரண்டும் செய்யாமல் தினமும் மதியம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். பயந்துகொண்டேதான் உட்கார்ந்தான். ஆனால் பயத்துக்கும் அடியில் வேறொன்று கிடந்து அவனை அறுத்தது. பினு திட்டவில்லை. பழி வாங்கவில்லை. ஒரு தட்டுகூடத் தப்பாகத் தட்டவில்லை. மிக்கேலு தோற்றுவிடக் கூடாது என்று, மண்ணுக்குள்ளிருந்தும் அவனுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை வைதிருந்தால் மிக்கேல்ராஜ் தாங்கியிருப்பான். இந்தப் பிரியத்தைத்தான் தாங்க முடியவில்லை. "மன்னிச்சுக்கோலே" என்று சுவரிடம் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தான். பேச்சுக்குப் பதில் வரவில்லை. ஆட்டத்துக்கு மட்டும் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரோசி கட்டிலை இழுத்துப் பெருக்கியவள் சுவரில் கையை வைத்துப் பார்த்தாள்.

"என்னங்க, இந்தச் சுவரு மட்டும் ஏன் இப்படி ஊறிக் கெடக்கு? மத்த சுவரெல்லாம் காஞ்சுதான இருக்கு."

"மழைடி."

"பச்சை மண்ணு வாசம் அடிக்குது. எனக்குப் பிடிக்கல. ஆபீசுல எழுதிக் குடுங்க, வேற லயத்துக்குப் போயிருவோம்."

"நான் வரல."

அவள் துடைப்பத்தோடு நிமிர்ந்து அவனையே பார்த்தாள். "யாருக்காக இங்க கெடக்கணும்? செத்தவனுக்காகவா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டிலை மறுபடி சுவரோடு தள்ளினாள்.

செவ்வாய்க்கிழமை மழை வலுத்தது. ரோசி பிளாஸ்டிக் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். பத்து மணிக்கெல்லாம் பனி இறங்கி முற்றத்துக் குழாய்கூடத் தெரியாமல் போய், தகரத்தில் விழும் மழை வேறு எந்தச் சத்தத்தையும் உள்ளே விடாமல் அடைத்தது. மிக்கேல்ராஜ் ஆட்டத்தில் இருந்தான். தட்டுகள் ஒழுங்காக வந்தன. ஒன்று. இரண்டு. மறுபடி ஒன்று. நூறு பேரில் இரண்டு பேர்தான் மிச்சம், அவனும் இன்னொருவனும். மணி இரண்டரை.

'தொம்' என்று கேட்டது.

கட்டில் அதிர்ந்தது. வெளியே அல்ல. சுவருக்கு அந்தப் பக்கம்.

பிறகு தட்டத் தொடங்கியது. ஒன்று இல்லை. இரண்டு இல்லை. மூன்று இல்லை. கணக்கே இல்லாமல்.

போன் அவன் கையிலிருந்து நழுவியது. கால்கள் அவனை எதிர் மூலைக்கு இழுத்தன, பழகிய கால்கள். பாதி அறை போனவன் நின்றான். திரும்பி வந்தான். கையை மடக்கி, ஒரு வருஷத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டிய காரியத்தைச் செய்தான். சுவரில் தட்டினான்.

தட்டுவது நின்றது.

"மிக்கேலு?"

அந்தக் குரல்தான். சளி பிடித்ததுபோல் அடைத்த, மூச்சு போதாத குரல்.

"பினு... நான்தாம்லே."

"மூச்சு முட்டுதுலே."

கடப்பாரை அடுப்படியில் இருந்தது. எடுத்து வந்து ஓங்கிக் குத்தினான். காரை உதிர்ந்தது. செங்கல் பிளந்தது. வெறும் அறை இருக்க வேண்டிய இடத்தில் மண். சிவந்த, ஈர, இறுகிய மண். அன்று அள்ளி வெளியே கொட்டிய மண் அத்தனையும். கடப்பாரையைப் போட்டுவிட்டுக் கையால் தோண்டினான். நகம் பிய்ந்தது. முழங்கை வரை போனது. தோள் வரை போனது. கன்னம் சுவரில் இடித்தது.

விரல்.

விரல்கள் அவன் கையைப் பற்றின. கட்டைவிரலடியில் தேயிலை உலர்த்துகிற மெஷினில் சுட்ட தழும்பு. தடவிப் பார்த்தான். அதே தழும்பு. இந்தக் கையில்தான் ஜெபமாலை சுற்றிப் பெட்டியில் வைத்தார்கள். அப்போது அது குளிர்ந்து விறைத்திருந்தது.

இப்போது சூடாக இருந்தது. நாடி ஓடியது.

"எம்புட்டு நேரமாத் தட்டுறேன்... கேக்கலையாலே?"

மழைச் சத்தம் என்று நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினான். கண்ணீர் வழிந்து சுவரில் இறங்கியது.

"கேட்டுச்சுலே" என்றான். "நல்லாக் கேட்டுச்சு. கேட்டுட்டுத்தான் எந்திரிச்சுப் போனேன்."

கை விட்டுவிடும் என்று நினைத்தான். விடவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தது.

"சரி. இப்ப வந்துட்டல்ல" என்றது குரல். "போவாதலே."

"போகமாட்டேன்."

வாசலில் ரோசி. மழைக்கு வேலை நிறுத்தியிருப்பார்கள். உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட நின்றாள். கூடை கையிலிருந்து விழுந்தது. அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் தோளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே பின்னால் போய்க் கதவில் முட்டி, வாயைப் பொத்திக்கொண்டாள்.

மிக்கேல்ராஜ் கழுத்தைத் திருப்பிப் பார்த்தான். கீழே காரை இல்லை. செங்கல் இல்லை. மண் இல்லை. கடப்பாரை போட்ட இடத்தில் கிடந்தது, சுத்தமாக. சுவர் முழுதாக இருந்தது. வெள்ளையடித்த சுவர், ஒரு கீறல் இல்லை. அவன் கை தோளிலிருந்து அதற்குள் போயிருந்தது, கட்டும்போதே சேர்த்துக் கட்டியதுபோல.

ரோசி அலறினாள். ஓடி வந்து அவன் இடுப்பைக் கட்டி இழுத்தாள். சுவர் அசையவில்லை.

உள்ளே பினுவின் விரல் அவன் உள்ளங்கையில் தட்டிக்கொண்டிருந்தது. முதலில் வேகமாக. பிறகு மெதுவாக. நேரம் போகப் போக இடைவெளி நீண்டது. மிக்கேல்ராஜ் பேர் சொல்லிக் கூப்பிட்டான். ஜின்சியின் பேரைச் சொன்னான், தெரிந்த ஜெபமெல்லாம் சொன்னான். ஒரு தட்டு. வெகுநேரம் கழித்து இன்னொன்று. பிடி தளர்ந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக விறைத்தன, அவன் கைக்குள்ளேயே குளிர்ந்துபோயின.

அவன் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான்.

அந்தக் கைக்கு மெல்ல மெல்லச் சூடு திரும்பியது. நாடி ஓடியது. விரல்கள் மறுபடி இறுகின. வேகமாக, கணக்கில்லாமல், முதலிலிருந்து தட்டத் தொடங்கின.