மூஸுக்கு வழிவிட்ட மஞ்சள் வண்டி

அந்த ஆண்டு மார்ச் கடைசியில் வெயில் எப்படி அடித்தது என்றால், தேவாலய வாசலில் பிள்ளைகள் செய்துவைத்த பனிமனிதன் தானே எழுந்து நிழலுக்குப் போய் நின்றுகொண்டான். நம்பாதவர்கள் பாதிரியாரைக் கேட்கலாம். கீழே விழுந்த தொப்பியை எடுத்துக் கொடுத்தவர் அவர்தான்.

ஆனால், அன்று காலை எலோடிக்கு வந்த கோபத்துக்கு முன்னால் அந்த வெயில் வெறும் மெழுகுவர்த்தி.

எலோடிக்குப் பதினொரு வயது. அவளுடைய சித்தப்பா ஒனேசிம், டிசம்பர் மாதம் சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்.

"இந்தக் குளிர்காலம் முழுக்க எங்க வீட்டுக் கூரைப் பனிய யார் தள்ளுறாங்களோ, அவங்கதான் கடைசிப் பயணத்துல மஞ்சள் வண்டிய ஓட்டுவாங்க. இது ஒனேசிம் வாக்கு!"

மஞ்சள் வண்டி ஒரு பழைய பனிவண்டி. முன்னால் இரண்டு சறுக்குப் பலகைகள், அடியில் சுழலும் ரப்பர்ப் பட்டை, பின்னால் தாராளமாகப் புகை. அதை ஓட்ட வேண்டும் என்று எலோடி மூன்று வருடங்களாகக் காத்திருந்தாள்.

கடைசிப் பயணம் என்பது வருடா வருடம் நடப்பது. பனி முழுக்க உருகுவதற்குள், மர லாரிகளுக்காகக் காட்டுக்குள் போட்ட பாதையில் போய், ஏரிக்கரைக் குடிசையில் மிச்சமிருக்கும் மாவு, சர்க்கரை, உப்புக்கண்டம் எல்லாவற்றையும் எடுத்து வந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தூங்கி எழுந்த கரடி வந்துவிடும். ஒரு முறை வெல்லப்பாகு டப்பா ஒன்றை மறந்துவிட்டார்கள். கரடி ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. கதவு வழியாக வெளியே போனது. கதவைத் திறக்கவில்லை. கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டது.

வாக்கை நம்பிய எலோடி, குளிர்காலம் முழுக்கக் கூரைமேல் நின்று பனி தள்ளினாள். சித்தப்பாவின் மகன் ரெமி ஒரே ஒரு தடவை ஏறினான். மண்வாரி சறுக்கிக் கீழே போனது. ரெமியும் அதன் பின்னாலேயே போனான். பிறகு சூடாகச் சாக்லேட் குடிக்க வீட்டுக்குள் போனவன், மார்ச் வரை வெளியே வரவில்லை.

ஜனவரியில் ஒரு நாள் பெய்த பனியில் எது கூரை, எது தெரு என்றே தெரியவில்லை. எலோடி கூரை என்று நினைத்துப் பக்கத்து வீட்டு லாரியைத் தோண்டி எடுத்துவிட்டாள். உள்ளே இருந்த டிரைவர் நன்றி சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

இவ்வளவுக்கும் பிறகு, பயணத்தன்று காலையில் சித்தப்பா சொன்னார்:

"ரெமி, நீ மஞ்சள் வண்டியில ஏறு."

எலோடி ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"சித்தப்பா, அது நான் ஓட்ட வேண்டிய வண்டி."

"வெயில்ல பனி உளுத்துப்போச்சும்மா, வண்டி அமிழப் பாக்கும். கைப்பிடிய இழுத்துப் புடிக்கத் தெம்பு வேணும்."

"கூரையில பனி தள்ளத் தெம்பு வேணாமா?"

"அது வேற தெம்பு."

"எப்படி வேற? கை அதே கைதானே!"

சித்தப்பா மீசையைத் தடவினார். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம். இப்ப நீ சறுக்குப்பெட்டியில ஏறிக்க. காலி டப்பா எல்லாம் விழுந்துடாமப் புடிச்சுக்கணும். அதுக்கு நம்பிக்கையான ஆள் வேணும் பாரு."

ரெமி தரையைப் பார்த்தபடி சொன்னான்: "நான் கேக்கல எலோடி. அப்பாதான்..."

"நீ வேணாம்னும் சொல்லலையே!"

சறுக்குப்பெட்டி என்பது சித்தப்பாவின் பெரிய வண்டிக்குப் பின்னால் கயிற்றால் கட்டி இழுக்கும் மரப்பெட்டி. அதில் முதுகைத் திருப்பி, பின்னால் பார்த்துத்தான் உட்கார வேண்டும். முன்னால் பார்த்தால், வண்டி வாரி எறியும் பனி முகத்தில் அறையும். பின்னால் பார்த்தால் என்ன தெரியும்? பின்னாலேயே மஞ்சள் வண்டியில் வரும் ரெமி தெரிவான்.

அவள் வண்டி. அதில் அவன். வழி முழுக்க.

ரெமி ஒரு முறை கையை ஆட்டிப் பார்த்தான். அவள் பார்த்த பார்வையில் கையைக் கீழே இறக்கிவிட்டான்.

ஊர் முடிந்தது. காடு தொடங்கியது. ஊரை ஒட்டிய ஆற்றுக்கு இக்கரை அமெரிக்கா, அக்கரை கனடா. தேவதாரு மரங்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் நின்றன. பாதையின் இரு ஓரமும் குளிர்காலத்தில் ஒதுக்கித் தள்ளிய பனி, ஆள் உயரச் சுவராக இறுகியிருந்தது. நடுவில் மட்டும் பாதை.

எலோடி உட்கார்ந்த இடத்தில் பெட்டியிலிருந்த பனி உருகிக் குழி விழுந்தது. பிற்பாடு அதைப் பார்த்த சித்தப்பா வெயில் என்றார். அது வெயில் இல்லை.

ஒரு வளைவு தாண்டியதும், பனிச்சுவரில் ஓர் இடைவெளி அவள் கண்ணில் பட்டது. அறுத்த மரங்களை அடுக்குவதற்காக முன்பு போட்ட கிளைப்பாதை. முன்னால் பார்த்துப் போகிறவர்களுக்கு அது தெரியாது. ஒரு பெரிய தேவதாரு மறைத்துவிடும்.

கொஞ்ச தூரம் போனதும் சித்தப்பாவின் வண்டி சடக்கென்று நின்றது. டப்பாக்கள் எலோடியின் மேல் சரிந்தன.

பாதை நடுவில் ஒரு மூஸ் நின்றுகொண்டிருந்தது.

மூஸ் என்றால் மான் இனம்தான். ஆனால் மான் என்று அதன் எதிரில் சொன்னால் அது ஒத்துக்கொள்ளாது. குதிரையைவிட உயரம், ஒட்டகம் மாதிரி மூக்கு, முதுகில் திமில். குளிர்காலம் முழுக்கப் பட்டையும் குச்சியும் தின்றதில் விலா எலும்பு எண்ணும்படி இருந்தது.

"ஏய்! போ அந்தப் பக்கம்!" என்று சித்தப்பா கத்தினார்.

மூஸ் அசையவில்லை. எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி நின்றது.

"சொல்றது காதுல விழல? இது எங்க பாதை!" சித்தப்பா நின்ற இடத்திலேயே என்ஜினை உறுமவைத்தார். காடே அதிர்ந்தது.

"அப்பா, பசிக்குது போல!" என்று பின்னாலிருந்து ஓடி வந்தான் ரெமி. சட்டைப் பையிலிருந்து ஒரு ப்ளோயை எடுத்து வீசினான். அது அந்த ஊர்த் தோசை. திருப்பிப் போடாமல் ஒரு பக்கம் மட்டும் வேகவைப்பது. மேல்பக்கம் ஆப்பம் மாதிரி குட்டிக் குட்டி ஓட்டைகளோடு ஈரமாக இருக்கும். பறந்து போன ப்ளோய் மூஸின் மூக்கில் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது.

மூஸின் காதுகள் பின்னால் மடங்கின. பிடரி மயிர் சிலிர்த்து நின்றது. நாக்கை வெளியே நீட்டி உதட்டைச் சுற்றி நக்கியது.

"பாத்தீங்களா, அதுக்குப் பிடிச்சிருக்கு!" என்றான் ரெமி.

அந்த ஊரில் பிள்ளைகள் நடக்கத் தொடங்கும் முன்பே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். மூஸ் காதை மடக்கி, மயிரைச் சிலிர்த்து, உதட்டை நக்கினால் அது பசி இல்லை, கோபம். அடுத்தது பாய்ச்சல்தான். ரெமிக்கும் சொன்னார்கள். அப்போது அவன் வாய் நிறைய ப்ளோய் இருந்ததால் காதில் விழவில்லை.

எலோடிக்கு அந்த முகத்தை நன்றாகத் தெரியும். காலையில் ஜன்னல் கண்ணாடியில் பார்த்த முகம்தான். கண்ணாடியில் இருந்ததற்கு மூக்கு மட்டும் கொஞ்சம் சின்னது.

"சித்தப்பா! என்ஜின அணைங்க! கத்தாதீங்க!"

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்றில், சித்தப்பா சாவியைத் திருப்பிவிட்டார். காடு அமைதியானது.

"அது நம்ம வழிய மறிக்கல. நாமதான் அது வழிய மறிக்கிறோம்!" என்றாள் எலோடி. பல்லைக் கடித்துக்கொண்டு, மெல்லிய குரலில் சொன்னாள். "ரெண்டு பக்கமும் சுவரு. அதத் தாண்டினா வயித்து வரைக்கும் பனி. அது தன் பாட்டுக்கு நடந்து வந்துச்சு. நாம எதிர்ல வந்து நின்னுக்கிட்டு, எங்க பாதைன்னு கத்துறோம், மூஞ்சியில தோசைய எறியுறோம். இது நியாயமா?"

"அதுக்காக ஊருக்குத் திரும்பச் சொல்றியா? மத்தியானம் ஆனா பாதை கூழாயிடும். இனி டிசம்பர்தான்!"

"ஊருக்கு வேணாம். கொஞ்சம் பின்னால போனாப் போதும். வளைவுகிட்ட ஒரு கிளைப்பாதை இருக்கு. அதுல ஒதுங்கிக்கலாம்."

"கிளைப்பாதையா? முப்பது வருஷமா வரேன், நான் பாத்ததில்லையே!"

"முப்பது வருஷமா நீங்க போகும்போது முன்னால பாக்குறீங்க, திரும்பும்போது பெட்டியில இருக்கற சரக்கையே பாக்குறீங்க. என்னைப் பின்னால பாக்க வெச்சது நீங்கதானே!"

சித்தப்பாவின் மீசை இரண்டு முறை அசைந்தது. பிறகு அவர் வளைவுப் பக்கம் கையைக் காட்டினார்.

மஞ்சள் வண்டியில் ரிவர்ஸ் கியர் கிடையாது. ரெமியும் எலோடியும் அதன் பின்பக்கத்தைத் தூக்கித் திருப்பி வைத்தார்கள். ரெமி அதை மெல்ல ஓட்டினான். எலோடி சறுக்குப்பெட்டியை அவிழ்த்துக் கயிறோடு இழுத்துக்கொண்டு ஓடினாள். அதிலும் அவளுக்குத்தான் இழுக்கிற வேலை! சித்தப்பா பெரிய வண்டியை அங்குலம் அங்குலமாகப் பின்னால் நகர்த்தினார். அவர் நகர நகர மூஸும் ஒவ்வோர் அடியாக முன்னால் வந்தது, பரீட்சை மேற்பார்வையாளர் மாதிரி.

கிளைப்பாதை இருந்தது. சித்தப்பா அதில் காலை வைத்தார். இடுப்பு வரை காணாமல் போனார்.

"இதுல என் வண்டி முங்கிடும்," என்றார் பனிக்குள்ளிருந்து. "லேசான வண்டி முதல்ல போய்ச் சுத்திச் சுத்திப் பனிய அமுக்கணும். எங்கயும் நிக்கக் கூடாது. நின்னா அவ்வளவுதான். ரெமி, போடா!"

ரெமியின் முகம் பனியைவிட வெளுத்திருந்தது. அவன் வண்டியை விட்டு இறங்கினான்.

"என்னால முடியாதுப்பா." பிறகு எலோடியைப் பார்த்துச் சொன்னான்: "நீ போ. குளிர்காலம் முழுக்கக் கூரைய நீதானே தள்ளுன."

சித்தப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மூஸ் உதட்டை நக்கியது. அவர் வாயை மூடிக்கொண்டார்.

எலோடி ஏறி உட்கார்ந்தாள். ஹெல்மெட்டை இறுக்கினாள். வலது கட்டைவிரலைக் கைப்பிடியிலிருந்த ஆக்சிலரேட்டரில் வைத்தாள். காலையிலிருந்து மண்டையில் கொதித்துக்கொண்டிருந்த கோபம் முழுக்க இறங்கி வந்து, அந்தக் கட்டைவிரலில் ஏறிக்கொண்டது.

வண்டி உறுமிக்கொண்டு பனிக்குள் பாய்ந்தது. அமிழப் பார்த்தது. அவள் விரலை எடுக்கவில்லை. வண்டி மூக்கை நிமிர்த்தி, படகுபோல மிதந்தது. பழைய மரக்குவியலைச் சுற்றித் திரும்பும்போது ஒரு பக்கமாகச் சரிந்தது. எலோடி ஒரு முழங்காலை இருக்கையில் ஊன்றி, மறுபக்கம் முழு உடம்பையும் சாய்த்தாள். வண்டி நிமிர்ந்தது.

"நிக்காத! நிக்காத!" என்று கத்தினான் ரெமி.

"நான் எங்கடா நின்னேன்!" என்று பனிப்புகைக்குள்ளிருந்து பதில் வந்தது.

ஒரு சுற்று. இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்றில் பாதை பலகைபோல இறுகிவிட்டது. சித்தப்பாவைப் பனியிலிருந்து இழுத்துப் போட்டார்கள். அவர் ஓட்ட, பெரிய வண்டி உள்ளே வந்தது. பெட்டி வந்தது. என்ஜின்களை அணைத்துவிட்டு, மூவரும் மரக்குவியலுக்குப் பின்னால் மூச்சுக்கூட மெல்ல விட்டபடி உட்கார்ந்தார்கள்.

மூஸ் நடந்து வந்தது. அதன் மூக்கில் இன்னும் ப்ளோய் ஒட்டியிருந்தது. மூக்கில் தோசையோடு அவ்வளவு கம்பீரமாக உலகத்தில் வேறு யாராலும் நடக்க முடியாது.

கிளைப்பாதையின் வாயில் நின்றது. திரும்பி, தான் வந்த வழியைப் பார்த்தது. அங்கே, குச்சிக் கால்களும் கலைந்த மயிருமாக, போன கோடையில் பிறந்த ஒரு குட்டி தள்ளாடித் தள்ளாடி வந்துகொண்டிருந்தது.

"குட்டி..." என்றார் சித்தப்பா. அவர் குரல் அவருக்கே கேட்காத அளவுக்குச் சின்னதாக இருந்தது. "பின்னால குட்டி வர்றத நான் பாக்கலையே."

தாய் முன்னால் போனது. குட்டி அதன் பின்னால் போனது. மூஸ் நன்றி சொல்லவில்லை. அதன் பாதையில் அது போவதற்கு எதற்கு நன்றி?

அவை கொஞ்ச தூரம் போனதும் சித்தப்பா தொண்டையைக் கனைத்தார். "சரி. நேரமாச்சு. ரெமி, நீ..."

எலோடி ஏற்கெனவே மஞ்சள் வண்டியில் உட்கார்ந்திருந்தாள்.

"சித்தப்பா, டிசம்பர்ல மேசையில என்ன சொன்னீங்க?"

"அது... பனி உளுத்துப்போச்சேன்னுதான்..."

"உளுத்தது பனி மட்டும்தானா?"

சித்தப்பா அவள் அமுக்கி வைத்த பாதையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி அதிலிருந்த பனியைத் தட்டினார். நிறைய நேரம் தட்டினார். அவ்வளவு பனி அதில் இல்லை.

"என் தப்புதாம்மா," என்றார். "நீ முன்னால போ. நாங்க பின்னால வரோம்."

ரெமி யாரும் சொல்லாமலே பெட்டியில் ஏறி, டப்பாக்களைக் கட்டிக்கொண்டான். "இங்கிருந்து நல்லாத்தான் தெரியுது!" என்று கத்தினான். "மூஸ் திரும்பிப் பாக்குது, மூக்குல இன்னும் ப்ளோய்!"

குடிசைக்குப் போனார்கள். வெல்லப்பாகு டப்பாவை முதலில் எடுத்தார்கள். பாதை கூழாவதற்குள் ஊர் திரும்பினார்கள். போகும்போதும் வரும்போதும் மஞ்சள் வண்டிதான் முன்னால். எலோடியின் கட்டைவிரல் வியாழக்கிழமை வரை நிமிரவே இல்லை. அந்த விரலோடு அவள் பென்சில் பிடித்தபோது, வீட்டுப்பாடம் வழக்கத்தைவிட வேகமாக முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயக் கூடத்தில் எல்லாருக்கும் ப்ளோயும் கோழிக்குழம்பும். ஒனேசிம் சித்தப்பா நடுவில் நின்று கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"எதிர்ல மூஸு! வீடு உயரம்! நான் கொஞ்சமும் பயப்படல. எல்லாரும் என்ஜின அணைங்கன்னு சொன்னேன். எனக்குத்தான் அந்தக் கிளைப்பாதை..."

"அப்பா!" என்று பக்கத்து மேசையிலிருந்து ரெமி அலறினான். "நிறுத்துங்க! எலோடி உதட்ட நக்குறா!"

சித்தப்பா திரும்பிப் பார்த்தார். உண்மைதான். காதுகூடக் கொஞ்சம் மடங்கியிருந்த மாதிரி இருந்தது.

"அதாவது," என்றார் சித்தப்பா அவசரமாக, "எலோடி சொன்னா. கிளைப்பாதையப் பாத்ததும் எலோடி. பனிய அமுக்கினதும் எலோடி. நான் இடுப்பு வரைக்கும் பனியில நின்னேன்."

கூடமே சிரித்தது. எலோடி ஒரு ப்ளோயைச் சுருட்டிக் குழம்பில் தோய்த்தாள். இன்னொரு முறை உதட்டை நக்கினாள்.

இந்த முறை பசிதான்.