கம்பி வராத வீடு

டிவியில் ‘புதிதாகச் சேர்ந்தவை’ என்ற வரிசையில் ஒரு வீடியோ கூடுதலாக இருந்தது. அவள் சேர்க்கவில்லை. சேர்ப்பதற்கு அந்த வீட்டில் வேறு ஆளும் இல்லை.

காது மெஷின் பழுது பார்ப்பவள் அவள். கணவர் இறந்த வருஷம், இருவருடைய படங்களையெல்லாம் இன்டர்நெட்டில் சேமித்து வைத்திருந்த கம்பெனி ஏதோ பாஸ்வேர்டுத் தகராறில் கணக்கை மூடிவிட்டது. கெஞ்சிப் பார்த்தாள், சண்டையும் போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. பழைய போன்களில் ஒட்டிக்கொண்டிருந்த சில வீடியோக்கள்தான் மிச்சம். அந்தப் போன்கள் செத்துப் போவதற்குள் அவற்றை ஒரு சின்ன சர்வர் பெட்டியில் ஏற்றி, சாமான் அறையின் மேல்தட்டில் வைத்துவிட்டு, இன்டர்நெட்டையே வெட்டிவிட்டாள். பெட்டியும் டிவியும் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு ரூட்டர் இருந்தது, அவ்வளவுதான். வெளியிலிருந்து ஒரு கம்பிகூட உள்ளே வராது.

“இந்தக் காலத்துல நெட் இல்லாம யாருக்கா இருக்காங்க?” என்று தங்கை போனில் அலுத்துக்கொள்வாள்.

“நான் இருக்கேன். அவரு குரலை இனிமே எவன் கையிலயும் குடுக்க மாட்டேன்.”

இன்டர்நெட் இல்லாத சர்வருக்குத் தானாக எதுவும் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் அவளே உட்கார்ந்து பெயர் அடித்தாள். ‘விழுந்து விழுந்து சிரிச்சது’, ‘குளிர்கால இருமல்’, ‘ஃபேன் ரிப்பேர்’. புதிதாக வந்ததற்குப் பெயரே இல்லை.

போட்டுப் பார்த்தாள். அவள் வீட்டு நடைதான், அறைகளுக்கு நடுவே போகும் வழி. யாரோ ஆளுயரத்தில் அசையாமல் பிடித்திருந்த படம். இருட்டில் ஃபிரிட்ஜின் முனகலும், ஜன்னல் கம்பியில் மழை சொட்டும் சத்தமும், ஈரத்துணி காயாமல் கிடக்கும் வாடையைக்கூட நினைவுபடுத்துகிற மாதிரி ஒரு மந்தமான அமைதியும் நீண்டுகொண்டே போய், கடைசியில், கேமராவுக்கு மிக அருகில், யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். படம் முடிந்தது.

பயத்துக்கு முன்னால் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. வரிசையைத் திரும்பப் பார்த்தாள். அவர் சிரிக்கும் வீடியோவைக் காணவில்லை.

போனால் போகட்டும், நகல் இருக்கிறதே என்று இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கை எடுத்தாள். அதிலும் இல்லை. முதல் டிஸ்க்கில் இருப்பது அப்படியே தினமும் இதில் பதியும்படி அவளே செய்து வைத்திருந்தாள். அங்கே அழிந்தால் இங்கேயும் அழியும் என்று புத்திக்கு எட்டவே இல்லை. தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த மாலை இன்னொரு பெயரில்லாத வீடியோ. நடைதான், ஆனால் படுக்கையறைக் கதவு இப்போது பக்கத்தில் தெரிந்தது. முடிவில் மூச்சு கேட்கவில்லை. சிரிப்பு கேட்டது. நடுவில் விக்கி நிற்கிற, அவருடைய அதே சிரிப்பு. இருட்டில், யாருமில்லாத நடையில், எதற்காகவும் இல்லாமல்.

இருமல் வீடியோவைக் காணவில்லை.

வெளியிலிருந்து எதுவும் வர வழியில்லை. பார்த்துப் பார்த்து அடைத்தவளே அவள்தான். அப்படியானால் இது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அவரை ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பழகிக்கொண்டிருக்கிறது.

பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டாள். கடையிலிருந்து திரும்பியபோது பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எஞ்சியதைப் பென் டிரைவில் ஏற்றி உள்ளங்கையில் மூடிக்கொண்டு படுத்தாள். விடிந்தபோது பென் டிரைவிலும் பெயரில்லாத ஒன்று இருந்தது.

“வீட்டைப் பூட்டிட்டு இங்க வந்துரு, அக்கா,” என்றாள் தங்கை போனில்.

“ஓடறதா? இது என் வீடுடி. வேணும்னா அது போகட்டும்.”

கடைசியில் ‘ஃபேன் ரிப்பேர்’ ஒன்றுதான் மிஞ்சியது. ஸ்க்ரூவை வாயில் கவ்விக்கொண்டு திரும்பிப் பார்த்து, பிறகு அதைத் துப்பிவிட்டு, “அடியே வாயாடி, இங்க வா,” என்பார். உலகத்தில் வேறு யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்தக் குரலில் அந்தப் பெயரைச் சொல்லி யார் கூப்பிட்டாலும் மறுபேச்சில்லாமல் பின்னால் போய்விடுவாள். அது அவளுக்கே தெரியும்.

இருட்டத் தொடங்கியதும் சர்வரோடு இணைத்த லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு படுக்கையறையில் உட்கார்ந்தாள். கதவைத் தாழிட்டிருந்தாள். மழை விட்டிருந்தது. நடையில் இருமல் கேட்டது. காலடி இல்லை. இருமல் மட்டும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கிட்டத்தில். பிறகு சிரிப்பு. திரையில் ‘புதிதாகச் சேர்ந்தவை’ வரிசையில் ஒரு வெற்றுக் கட்டம் மெல்ல முளைத்தது.

அவள் ‘ஃபேன் ரிப்பேர்’ வீடியோவை ஒருமுறை முழுதாகப் பார்த்தாள். சத்தத்தைக் குறைத்து, காதைத் திரையோடு ஒட்டி வைத்துக் கேட்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கவில்லை.

“உனக்கு இது கிடையாது,” என்றாள் கதவைப் பார்த்து.

அழித்தாள். நிஜமாகவே அழிக்கவா என்று கேட்டது. ஆமாம். குப்பைத் தொட்டியையும் காலி செய்தாள். பென் டிரைவையும் இரண்டாவது டிஸ்க்கையும் சுத்தியலால் நொறுக்கினாள். அவருடைய குரல் இனி இந்த உலகத்தில் எங்கும் இல்லை. இருந்தாலும் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தாள்.

நடையில் சத்தம் நின்றது.

தாழ்ப்பாள் தானாக நகர்ந்தது. கதவு திறந்தது.

அவர் உயரம். இடது பக்கம் சற்றுச் சரிந்த அவர் தோள். முகத்தில் வாய் மட்டும் தெளிவாக இருந்தது. அது சிரித்தது. இருமியது. பிறகு அவளைப் பார்த்து வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை.

அவள் எழுந்து நேருக்கு நேர் நின்றாள்.

“தெரியாதுல்ல? நான் சொல்லித் தர மாட்டேன். நின்னுக்கிட்டே இரு.”

அதற்குக் கோபம் வரவில்லை. வாய் மூடியது, மறுபடி திறந்தது. காது கேளாதவர்களோடு வருஷக்கணக்காக உட்கார்ந்தவள், உதட்டசைவு அவளுக்கு அத்துப்படி. அது ஒவ்வொரு எழுத்தாக முயன்றுகொண்டிருந்தது. உதடு குவிந்தது. விரிந்தது. ஒட்டியது. பிரிந்தது. அவசரமே இல்லை.

பிறகு கீழுதடு மெல்ல மேலே போய் மேற்பல்லைத் தொட்டது, ‘வா’ என்று தொடங்கப் போவதுபோல. அங்கேயே நின்றது.