பங்கு போட்ட வெட்கம்

அன்று காலை புதுக்கரையில் யாருக்கோ காதல் வந்திருந்தது. யாரென்று எங்களுக்குத் தெரியாது. பால் வாங்க நின்றவர்கள் காரணமில்லாமல் பல்லை இளித்துக்கொண்டு நின்றார்கள். பரோட்டாவுக்கு மாவு பிசைந்தவர் பாட்டு முணுமுணுத்தார். பள்ளிப் பேருந்தின் ஓட்டுநர் திருப்பத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் கடலைப் பார்த்தார், பிள்ளைகளும் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு மாமியார் மருமகள் சண்டையின் எரிச்சல் எங்கிருந்தோ வந்து அதைக் கெடுத்தது. காதலிலும் எரிச்சலிலும் அவரவர் பங்கை வாங்கிக்கொண்டு நாங்கள் வேலைக்குப் போனோம்.

கடல் ஏறிவந்து பழைய ஊரை எடுத்துக்கொண்ட பிறகு, கடலடைப்புச் சுவருக்குப் பின்னால் எழுந்த ஊர் இது. அந்த வருடம் வீட்டையும் ஆளையும் இழந்த துக்கம் தாங்காமல் தங்களை முடித்துக்கொண்டவர்கள் அதிகம். அதனால்தான் சுவரோடு சேர்த்து ஊர்மனத்தையும் கட்டினோம். காதுக்குப் பின்னால் மிளகு அளவில் ஒரு செவிப்பொட்டு. அதன் வழியாக நினைப்பு போகாது, பேச்சு போகாது, பெயரும் போகாது. உணர்வு மட்டும் ஊர்மனக் கோபுரத்திலுள்ள சர்வருக்குப் போய், அங்கே பங்கு பிரிந்து, ஊரிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு துளியாக வந்துசேரும். துக்கம் யாருடையதோ, அவருக்கு மிஞ்சுவதும் அந்த ஒரு துளிதான்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எங்கள் பள்ளிகளில் இந்தப் பழமொழியைச் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கும். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர் மூன்றாம் நாள் கடை திறப்பார். பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்குக் கை நடுங்காது. எங்களுக்குப் பெருமை உண்டு, இல்லையென்று சொல்லமாட்டோம். வெளியூர்க்காரர்களைப் பார்த்தால் பாவம் என்று தோன்றும்.

மன்னிப்புக் கேட்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. அதற்குத் தேவையும் இல்லை. பேருந்தில் ஒருவர் காலை மிதித்துவிட்டால், மிதித்தவருக்கு வந்த வெட்கத்தில் மிதிபட்டவருக்கும் ஒரு துளி போய்விடும். அவர் தலையை ஆட்டுவார், விஷயம் முடிந்தது. கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளும் பழக்கமும் குறைந்துவிட்டது. பிள்ளை குளத்தங்கரையில் விளையாடினாலும் தாய் எட்டிப் பார்ப்பதில்லை. பிள்ளை பயந்தால் தானாகத் தெரிந்துவிடுமே.

மதகிலும் அப்படித்தான். சுவருக்கு வெளியே கடல் வற்றும் நேரத்தில் மதகைத் திறந்து ஊர்த் தண்ணீரை வெளியேற்றுவார்கள். திறக்கும் முன் இரும்புக்கதவை ஒருமுறை அதிரவைப்பார்கள். கீழே ஆள் இருந்தால் பயப்படுவார். பயந்தால் கட்டுப்பாட்டு அறையின் உணர்வு வரைபடத்தில் அந்த இடம் சிவப்பாகத் தெரியும், உடனே நிறுத்திவிடலாம். பயம் இல்லையென்றால் ஆள் இல்லை. இதுதான் விதி. இந்த விதியால் பல வருடங்களாக ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

மூன்றாம் மதகுக்குப் பொறுப்பு தொம்மை. ஐம்பதைத் தொட்ட, அதிகம் பேசாத மனிதர். அதே மதகில் நீர்மூழ்கி வேலை பார்த்தவன் கிறிசாந்து. கதவில் ஒட்டும் சிப்பியைச் சுரண்டுகிற இயந்திரம் அன்று மதியம் சிக்கிக்கொண்டதால், அதை எடுத்துவிட அவன் தண்ணீருக்குள் இறங்கினான். சொல்லிவிட்டு இறங்குகிற வழக்கம் எங்கள் ஊரில் எப்போதோ விட்டுப்போயிருந்தது.

அந்த மதியம் எங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தோம். எங்கிருந்தோ ஒரு மகிழ்ச்சி வந்தது. காதல் போலக் கிறுக்குப் பிடித்த மகிழ்ச்சி இல்லை. உடம்பு இலேசாகி மிதப்பது போன்ற, சத்தமில்லாத மகிழ்ச்சி. தூக்கத்தில் புரண்டு படுத்து அதை அனுபவித்தோம். தொம்மையும் அதைத்தான் அனுபவித்துக்கொண்டிருந்தார். கதவை அதிரவைத்தார். வரைபடத்தில் சிவப்பு எதுவும் இல்லை. மதகைத் திறந்தார்.

பிறகு ஒரு பயம் வந்தது. ஊர் முழுக்க எழுந்து உட்கார்ந்தோம். அது யாருடையது என்று கேட்பதற்குள் நின்றுபோனது.

கிறிசாந்தின் மனைவி ஞானப்பூவின் துக்கம் மாலையில் வந்தது. அவரவர் பங்கை வாங்கிக்கொண்டோம். அதோடு தொம்மையின் வெட்கமும் வந்தது. உண்மையைச் சொன்னால், அது பெரிதாக இல்லை. கறை பட்ட சட்டையோடு கல்யாண வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி ஒரு கூச்சம், அவ்வளவுதான். சோறு இறங்கியது. அடுத்த வாரம் தொம்மை வேலைக்குத் திரும்பினார். ஊர் தாங்கிக்கொண்டது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

மாதக் கூட்டத்தில் ஞானப்பூ எழுந்தாள். மண்டபம் நிறைந்திருந்தது. ஊர்மனக் குழுவின் தலைவர் நாகூர்கனி மேடையில் இருந்தார். அவள் மேடைக்குப் போகாமல் இருந்த இடத்தில் நின்றே பேசினாள்.

"தலைவரே, என் துக்கத்துல ஊருக்குப் பங்கு குடுத்தேன். எல்லாரும் வாங்கிக்கிட்டிய, நல்லா இருங்க. ஆனா எனக்கு இன்னொன்னும் சேந்து வருதே, அது என்னது?"

"எதும்மா?"

"வெக்கம். பாத்திரம் கழுவிட்டு இருப்பேன், வரும். என்னமோ நாந்தான் போய் மதகத் தொறந்து விட்டவ மாதிரி தல தானா குனியுது. என் புருசன நானா கொன்னேன்?"

நாகூர்கனி தண்ணீர் குடித்தார். நல்ல மனிதர்தான். ஆனால் இப்படி ஒரு கேள்வியை அவர் கேட்டதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

"அது பொதுப் பங்கும்மா. எல்லாருக்கும் வர்றதுதான் ஒனக்கும் வருது. ஒருத்தருக்கு மட்டும் நிறுத்துறதுக்கு வழி கெடையாது. வேணும்னா..."

"வேணும்னா?"

"ஒன் பொட்ட எடுத்துரலாம்."

"நான் எதுக்குப் போவணும்?" அவள் குரல் உயர்ந்தது. "துக்கத்தையும் முழுசா நானே சொமக்கணுமா? புருசனும் போயி, ஊரும் போவணுமா எனக்கு?"

அவளுடைய கோபம் எங்கள் நெஞ்சில் சுருக்கென்று ஏறியது. ஏறிய வேகத்தில் பங்கு பிரிந்து தணிந்தும் போனது. அவள் முகத்திலும் அது தணிவதைப் பார்த்தோம். கோபப்படக்கூட அவளுக்கு முழுதாகக் கிடைக்கவில்லை.

கடைசி வரிசையிலிருந்து தொம்மை எழுந்தார். "என் பொட்ட எடுங்க."

"முழுசும் ஒன் தலைல எறங்கும், தொம்மை. நீ தாங்க மாட்ட."

"தாங்கணும்னுதான கேக்கேன்." அவர் யாரையும் பார்க்கவில்லை. "இப்ப எனக்கு எம்புட்டு வருதோ, அதே அம்புட்டுதான் இந்தப் பிள்ளைக்கும் வருது. கொன்னவனுக்கும் பறிகுடுத்தவளுக்கும் ஒரே அளவு. இது எந்த ஊரு நியாயம், தலைவரே?"

நாகூர்கனி கை காட்டினார். மருத்துவப் பெண் வந்து சிறிய இடுக்கியால் அவர் காதுக்குப் பின்னாலிருந்து பொட்டை எடுத்தாள். முதலில் ஒன்றும் ஆகவில்லை. அவர் நாற்காலியைத் தேடினார். கை வைத்த இடத்தில் நாற்காலி இல்லை, தரையில் உட்கார்ந்தார். முதுகு மெல்ல வளைந்து நெற்றி முழங்காலில் போய் முட்டியது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. ஒரு மனிதர் எங்கள் நடுவில் அப்படிக் கிடக்கிறார், எங்களுக்கோ ஒன்றுமே வரவில்லை. சினிமாவில் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒன்றுமே வரவில்லை என்பது பொய். நிம்மதி வந்தது. இத்தனை நாள் சட்டையில் இருந்த கறை போய்விட்டது. மண்டபம் முழுக்க ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம். ஒருவருடைய நிம்மதி இன்னொருவருக்குப் போய், அங்கிருந்து எல்லோருக்கும் திரும்பி வந்து, தோள்கள் தளர்ந்தன. சிலர் புன்னகைக்கவும் செய்தார்கள்.

ஞானப்பூ தன் நெஞ்சில் கை வைத்தாள். அவளுக்கும் அது போய்ச் சேர்ந்திருந்தது.

"யாருக்கு இந்தச் சந்தோசம்?" என்று கேட்டாள்.

அவள் வரிசை வரிசையாக எங்கள் முகங்களைப் பார்த்தாள்.

"யாருக்குன்னு கேக்கேம்லா?"

பிறகு இடுக்கிக்காகக்கூட அவள் காத்திருக்கவில்லை. நகத்தாலேயே பொட்டைக் கிள்ளி எடுத்தாள். காதோரம் இரத்தம் கசிந்தது. அதை நாகூர்கனியின் மேசையில் வைத்துவிட்டு, "வெக்கம்னாக்கூட இருந்துருவேன். இந்தச் சந்தோசத்த வச்சுக்கிட்டு என்னால இருக்க முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளோடு அவள் துக்கமும் எங்களை விட்டுப் போனது. நாங்கள் இன்னும் இலேசானோம். அன்று பரோட்டாக் கடையில் நல்ல கூட்டம். நன்றாகத் தூங்கினோம். சொல்லவே நாக்குக் கூசுகிறது, ஆனால் அப்படித்தான் நடந்தது.

சில நாள் கழித்து ஒரு பிற்பகலில் தொம்மை ஞானப்பூவின் வீட்டுக்கு நடந்து வந்தார். அவள் வீடு குறுகலான தெருவில், இரண்டு பக்கமும் மாடி வீடுகள். எல்லா ஜன்னல்களிலும் நாங்கள் நின்றோம். பொட்டு இல்லாத இரண்டு பேர் எதிரெதிரே நிற்கப்போகிறார்கள், என்ன உணர்வார்கள் என்று எங்களுக்குத் தெரிய வழியில்லை. ஆகவே வெகுகாலத்துக்குப் பிறகு கண்ணால் பார்த்தோம், காதால் கேட்டோம்.

அவள் கதவைத் திறந்தாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. அவர் பேசத் தொடங்கி நிறுத்தினார். மறுபடி தொடங்கினார். இந்த வேலைக்கு எங்கள் ஊரில் யாரிடமும் சொற்கள் இல்லை. அவரிடமும் இல்லை.

"பாக்கல" என்றார் கடைசியில். "எட்டிப் பாத்திருக்கலாம். ஜன்னல் பக்கத்துலதான் இருந்துச்சு. எழுந்து நாலு எட்டு வச்சிருந்தா தம்பி எறங்குனது தெரிஞ்சிருக்கும். பாக்கல."

"ஏன் பாக்கல?"

"பயம் வரல. நல்லா இருந்துச்சு. மனசு நெறஞ்சு இருந்துச்சு, யாரோ சந்தோசமா இருக்காவன்னு நெனச்சேன்."

"அது அவியதான்" என்றாள் ஞானப்பூ. "தண்ணிக்குள்ள எறங்கிட்டா அவியளுக்கு அப்படித்தான். கதவு அதுருறதெல்லாம் பழகிப்போச்சு."

அவர் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். படுத்துக்கொண்டு நாங்கள் அனுபவித்தது யாருடைய மகிழ்ச்சி என்று அப்போதுதான் எங்களுக்கும் தெரிந்தது.

"சங்கு ஊதலயா?" என்று அவள் கேட்டாள். "நான் சின்னப்பிள்ளையா இருக்கும்போது எங்க ஊருல மதகு தொறக்க முன்ன சங்கு ஊதுவாவளே."

நாங்கள் ஜன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

தொம்மைக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும். மதகில் சங்கு இருந்தது. மதியத்தில் அது ஊதும்போது பக்கத்துத் தெருக்காரர்கள் திடுக்கிடுவார்கள். அந்தத் திடுக்கிடல் ஊர் முழுக்கப் பரவி எல்லோருடைய தூக்கத்தையும் கெடுக்கும், பிள்ளைகள் வீறிட்டு அழும். தொல்லை என்றோம். கழற்றிவிடுங்கள் என்று கூட்டத்தில் கேட்டோம். நாங்கள்தான் கேட்டோம். வேண்டாம், இருக்கட்டும் என்று சொன்ன ஒரே ஆள் தொம்மை. வயதாகிவிட்டது, பழசை விடமாட்டேன் என்கிறார் என்று சிரித்து அவர் வாயை அடைத்தோம். ஞானப்பூ அதற்குப் பிறகுதான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தாள், அதனால் அவளுக்குத் தெரியாது. ஊர் கழற்றச் சொன்னது என்று ஒரு வார்த்தை அவர் சொன்னால் போதும். அவர் தோளிலிருந்து பாதி இறங்கிவிடும்.

"ஊதல" என்றார் தொம்மை. "என் தப்புதான் தாயி. எல்லாம் என் தப்புதான்."

அப்போதுதான் எங்களுக்கு அது வந்தது. யாருடையதோ வந்திருக்கிறது, இப்போது பிரிந்து குறைந்துவிடும் என்று காத்திருந்தோம். குறையவில்லை. தெருவிலுள்ளவர்களுக்குத்தான் என்று நினைத்தோம். கடைத்தெருவில் வேலையாக இருந்தவர்களும் காரணம் தெரியாமலே கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, இது எதனால் என்று தேடி, சங்கு கழற்றிய நாளை நினைத்தார்களாம். ஒவ்வொருவரும் தன்னுடையதைக் கோபுரத்துக்கு அனுப்பினோம், கோபுரம் அடுத்தவருடையதை எங்களிடம் அனுப்பியது. ஊரே வெட்கப்பட்டால் பங்கு வாங்கிக்கொள்ள வேறு ஊரா இருக்கிறது? அவரவருக்கு முழுதாகவே நின்றது. முகம் எரிந்தது. நின்ற இடத்தில் கால் கூசியது. கல்யாண வீட்டுக் கறை இல்லை இது. ஊர் நடுவில் துணியில்லாமல் நிற்பது இது.

ஒருவர் இறங்கிப் போயிருக்கலாம். மாடிப்படி பத்துப் படிதான். இறங்கிப் போய், "அம்மா, சங்கைக் கழற்றச் சொன்னது நாங்கள்" என்று ஒருவர் சொல்லியிருக்கலாம். யாராவது முதலில் இறங்கினால் பின்னாலேயே போகலாம் என்று ஒவ்வொருவரும் எதிர் ஜன்னலைப் பார்த்தோம்.

கீழே ஞானப்பூ அழுதாள். அவ்வளவு அழுகையை நாங்கள் பார்த்ததில்லை, அதில் யாருக்கும் பங்கு இல்லை. தொம்மை கதவுச் சட்டத்தை விடாமல் நின்றார். அவள் அழுதபடியே கொஞ்சம் விலகி நின்று, "உள்ள வாங்க" என்றாள். அவர் தலை குனிந்து உள்ளே போனார். அவளும் போகத் திரும்பியவள், ஏதோ தோன்றி நின்று மேலே பார்த்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"நீங்க எல்லாரும் என்ன பாக்கிய?" என்றாள். "எதாது சொல்லணுமா?"

நாங்கள் ஜன்னல்களைச் சாத்தினோம். எல்லோரும் ஒரே நேரத்தில் சாத்தியதால் தெருவில் அது ஒரே சத்தமாகக் கேட்டது.