ஜாய்லின் ஆன்லைனில் இருக்கிறாள்

செத்துப்போன மகளின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது.

ஏசுவடியாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். எரியத்தான் செய்தது. ஜாய்லின் ஓயாமல் படம் போட்டுக்கொண்டிருந்த அந்த ஆப்பில் சாட் வந்ததே இந்த மாதம்தான். பிள்ளை காய்ச்சலில் போய் வருஷம் ஒன்றாகிறது. அந்தக் கணக்கின் பாஸ்வேர்டும் அவளோடு மண்ணுக்குள் போய்விட்டது.

நாளைக்கு வருஷ நினைவு ஜெபம். எல்லாரும் செய்வதுபோல, வசனமும் படமும் வைத்த நினைவுநாள் போஸ்டரை மத்தியானம் அந்த ஆப்பில் ஏற்றியிருந்தாள். சொந்தக்காரர்களையெல்லாம் டேக் பண்ணிய வேகத்தில், பழக்கதோஷம், மகள் பெயரையும் சேர்த்துவிட்டாள். கணவர் பிரபுதாஸ் குருவானவரைப் பார்க்கச் சர்ச்சுக்குப் போயிருந்தார். பொழுது அடையும் நேரம். நாள்முழுக்கத் தடதடத்த விசைத்தறிகள் கரண்ட் போனதில் ஒவ்வொன்றாக ஓய்ந்துபோக, நாளைய சாப்பாட்டுக்கு உரித்துவைத்த பூண்டின் வாசனைக்கும் மேலாக, அந்தச் சித்திரைப் புழுக்கத்தில், நனைந்த மண்ணின் வாடை மெல்ல ஏறி வந்தது.

போன் அதிர்ந்தது.

"எம்மா, யாரு செத்தது? போஸ்டர்ல எம் படம் கெடக்கு."

செத்தது தான்தான் என்று பிள்ளைக்குத் தெரியவில்லை. நீதான் மக்கா என்று ஒரு வார்த்தை சொன்னால் நிம்மதியாகப் படுத்துவிடுவாள். அப்புறம் என்றைக்குமே பேசமாட்டாள். 'நீ' என்று அடித்தாள். அழித்தாள். வாய்விட்டு அழுதாள்.

"யாருமில்ல மக்கா. அம்மா தெரியாம போட்டுட்டேன்."

"அப்பம் சரி. நான் வீட்டுக்கு வாரேன். மேல கனமா கெடக்கு, தள்ளிட்டு வாரேன்."

தடுத்திருக்கலாம். விரல் நகரவில்லை. நகர்த்த மனசும் இல்லை.

கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். மாலை போட்ட படத்தைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். மண்வாடை வீடெல்லாம் நிறைந்தது. வாசலில் எதையோ இழுக்கும் சத்தம். நின்றது.

"எம்மா, கதவத் தெற."

இந்தமுறை போனில் இல்லை.

தாழை நீக்கினாள். அடக்கத்துக்கு உடுத்திவிட்ட அதே வெள்ளைச் சேலை. மண். உள்ளே வந்து, தரையில் உட்கார்ந்த அவள் மடியில் பழையபடி தலைவைத்துப் படுத்துக்கொண்டது.

"என்னயப் பாத்து ஏம்மா அழுவுத?"

கேட்ட வாயில் உதடு இல்லை.

"ஒண்ணுமில்ல மக்கா," என்று சொல்லிக்கொண்டே ஏசுவடியாள் முடியைக் கோதினாள். அது கொத்துக்கொத்தாகக் கையோடு வந்தது. அவள் கோதிக்கொண்டே இருந்தாள்.