பால்பன்றிக்கு வழி

வேட்டைநாள் காலையில் மேலூத்துக்காரர்கள் முதல் வேலையாகக் கழுத்தில் மார்மணியைக் கட்டிக்கொள்வார்கள். புளியங்கொட்டை அளவில் ஒரு கேமரா அது. பார்ப்பதையும் கேட்பதையும் அடிவாரத்து மலைமரபு வாரியத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். சீரங்காயி அதைக் கட்டியதும் பலமாகத் தொண்டையைச் செருமுவாள். ஒட்டுக்கேட்கிறவன் காது கொஞ்சம் வலிக்கட்டுமே என்று அவளுக்கு ஓர் ஆசை.

ஊர் எல்லையில் வாரியத்து லாரி கூண்டைத் திறந்தது. உள்ளிருந்து வார்ப்புப் பன்றி குதித்து ஓடியது. கொள்ளைக்காய்ச்சலில் மலையின் விலங்குகள் எல்லாம் மடிந்து ஒரு தலைமுறை ஆகிறது. அதற்குப் பிறகு ஆய்வுக்கூடத்தில் செய்து வளர்த்த பன்றிகள் இவை. உறுமும், பாயும், குத்தினால் ரத்தம் வரும். ஆனால் குட்டி போடாது. மாவுருண்டை தவிர வேறெதையும் தின்னாது. கிட்டே வந்தால் பினாயில் வாசம் அடிக்கும். இதைத்தான் மேலூத்துக்காரர்கள் மேளம் கொட்டிக் கலைத்து, வேலால் குத்தி, முறைப்படி கறியைப் பங்கு வைக்க வேண்டும். வேட்டை மரபு நடக்கிறவரை அவர்கள் மலையில் இருந்துகொள்ளலாம். மற்ற ஊர்க்காரர்கள் எப்போதோ சமவெளி அடுக்குமாடிகளுக்கு இறங்கிவிட்டார்கள்.

சீரங்காயி லேசில் யாரையும் நம்பமாட்டாள். அதிலும் தங்கை புருஷன் நிதர்சனைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்து வந்தாள். சமவெளியில் பிறந்தவன். தங்கை குப்பாயியைக் கட்டிக்கொண்டு, எல்லோரும் இறங்குகிற மலைக்கு ஏறி வந்தவன். ஏறி வர ஒருவனுக்கு என்ன காரணம் இருக்க முடியும்? போதாக்குறைக்கு, கொஞ்ச நாளாக விடிந்ததும் களைக்கொட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு தனியாக மேல்காட்டுக்குப் போய் வந்தான். குப்பாயி நிறைமாதம். வீட்டில் வேலை இல்லையா என்ன?

அவன் போகும் தடத்திலேயே ஒருநாள் போய்ப் பார்த்தாள். பாறை மறைவில் பன்றி விட்டை கிடந்தது. குச்சியால் கிளறினாள். உள்ளே அத்திப்பழ விதைகள். மாவுருண்டை தின்னும் பன்றி அத்திப்பழத்துக்கு எங்கே போகும்? மலையில் நிஜப் பன்றி ஒன்று உயிரோடு இருக்கிறது.

வேறு யாராவது என்றால் துள்ளிக் குதித்திருப்பார்கள். ஆனால் சட்டம் ஒன்று இருந்தது. காட்டு விலங்கு திரும்பி வந்த மலையில் மனிதர்கள் இருக்கக்கூடாது. முழுக்காடு என்று அறிவித்து, இருக்கும் ஊரையும் இறக்கிவிடுவார்கள். அந்த விட்டை ஒன்று போதும், மேலூத்து காலி. அதை நிதர்சனும் பார்த்திருப்பான், வாரியத்துக்குச் சொல்லத்தான் ஆதாரம் சேர்க்கிறான் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

அன்று வேட்டைக்குக் கிளம்பும்போது மார்மணியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு கேட்டாள். "ஏன் மாப்ளே, விடிஞ்சும் விடியாம மேக்காட்ல என்ன வேல?"

"சும்மாதாங்க்கா. நடந்தா ஒடம்புக்கு நல்லது."

"களக்கொட்டோடயா நடப்பாங்க?"

அவன் முகம் வெளிறியது. அவசரமாக மேளக்காரர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டான். சீரங்காயிக்கு அதுவே போதுமானதாக இருந்தது. வாரியம் வந்து பார்ப்பதற்குள் அந்தப் பன்றியைக் கொன்றுவிட வேண்டும். வேட்டையில் விழுந்தால் அதுவும் ஒரு வார்ப்பு என்றுதான் கணக்கில் போகும். பாவம்தான். ஆனால் பிறக்கப்போகிற பிள்ளை இந்த மலையில் பிறக்க வேண்டுமே.

இரண்டு பாறைகளுக்கு நடுவே உள்ள ஒதுக்கில் வேலோடு உட்கார்ந்தாள். கலைக்கிற மிருகம் அந்த வழியாகத்தான் வரும். கீழே மேளம் முழங்கியது. புதர் சரசரத்தது. பினாயில் வாசம் வரும் என்று மூக்கை உறிஞ்சினாள். வந்ததோ சேற்றின் வாடை, ரோமத்தின் வாடை. இன்னும் ஏதோ ஒன்று, குழந்தை பெற்ற வீட்டில் வீசுமே, அந்தக் கவிச்சி.

பன்றி பத்தடி தள்ளி நின்றது. வேலை ஓங்கினாள். அப்போதுதான் அதன் அடிவயிறு கண்ணில் பட்டது. மடி கனத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு காம்பிலிருந்து பால் சொட்டியது.

சீரங்காயி யோசித்துச் செய்திருந்தால் குத்தியிருப்பாள். யோசிக்க நேரமே இருக்கவில்லை. பால்மடியோடு வரும் மிருகத்துக்கு வழிவிட வேண்டும் என்று சின்ன வயதில், நிஜ வேட்டை நடந்த கடைசி வருஷங்களில், பெரியவர்கள் கையைப் பிடித்துப் பழக்கிய பழக்கம் அது. கை தானாக வேலை மண்ணில் நட்டது. கால் தானாக ஓரம் ஒதுங்கியது. வாய் உரக்கச் சொன்னது.

"போ தாயே! குட்டிய வளத்துட்டு வா. வழி ஒன்னுது."

பன்றி அவளை உரசுகிறாற்போல ஓடி மறைந்தது. அப்புறம்தான் மார்பில் கிடந்த மணி அவளுக்கு ஞாபகம் வந்தது. தலையில் அடித்துக்கொண்டாள்.

மேளத்தைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க மேலேறி வந்தான் நிதர்சன். நட்டிருந்த வேலையும் குளம்புத் தடத்தையும் பார்த்ததும் இருவர் மார்மணிகளையும் கையால் பொத்தினான். "அய்யோ அக்கா! தெனமும் போயி விட்டையெல்லாம் மண்ணப் போட்டு மூடிக்கிட்டு இருந்தேனே. ஒங்ககிட்டயாவது சொல்லித் தொலச்சிருக்கணும்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க என்னய நம்புற ஆளா?"

அவளுக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

மதியமே வாரியத்து மேற்பார்வையாளர் தேவநேசன் வந்துவிட்டார். பலகைத்திரையை நீட்டினார். அதில் சீரங்காயியின் குரல் கேட்டது. வழக்கமில்லாத சொற்கள், எந்தப் பதிவிலும் இல்லாத சடங்கு.

நிதர்சன் முந்திக்கொண்டான். "அது நடிப்புங்க சார். பழசெல்லாம் பதிவுல இருக்கட்டும்னு நாந்தான் அக்காகிட்ட சொன்னேன்."

தேவநேசன் திரையில் படத்தை விரித்தார். மடி தெரிந்தது. சொட்டும் பால் தெரிந்தது. "வார்ப்புக்கு மடி வைக்கிறதே இல்லீங்க, தம்பி," என்றார். கோபமே இல்லாத குரல். "இவ்வளவு வருஷமா உங்க மரபைப் பாத்துட்டு இருக்கேன். இன்னிக்குத்தான் நிஜமாவே பாத்தேன். அம்மா, நீங்க குத்தியிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"அது எனக்கும் தெரியும்ங்க சாமி," என்றாள் சீரங்காயி.

மார்மணியைக் கழற்றி அவர் கையில் வைத்தாள். அவர் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு, சட்டத்தில் தன்னால் செய்யக்கூடியது எதுவும் இல்லை என்றார்.

பன்றி வந்த லாரியிலேயே ஊர் இறங்கியது. கூண்டைக் கழற்றிப் போட்டுவிட்டு மூட்டைகளையும் மேளத்தையும் ஏற்றினார்கள். வேல்களை வாரியம் வாங்கிக்கொண்டது. குப்பாயி குலுங்காமல் இருக்க, நிதர்சன் அவள் முதுகுக்குப் பின்னால் துணிமூட்டையை அண்டை கொடுத்தான். யாரும் சீரங்காயியை ஏசவில்லை. ஏசினால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மூன்றாவது வளைவில் ஓட்டுநர் சடாரென்று பிரேக்கை மிதித்தார். தாய்ப்பன்றி சாலையைக் கடந்துகொண்டிருந்தது. பின்னாலேயே முதுகில் கோடு போட்ட குட்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வந்தன. ஓட்டுநர் சின்னப் பையன். குட்டி என்று ஒன்றை அவன் கண்டதே இல்லை. வாயைப் பிளந்துகொண்டு திரும்பிக் கேட்டான்.

"இது எந்த மாடலுங்க? புது வார்ப்பா?"

பின்னால் லாரியில் எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். வேல் இல்லாத கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கவிட்டிருந்தார்கள். நிதர்சன்தான் பதில் சொன்னான்.

"வார்ப்பு இல்ல தம்பி. பொறந்தது."

கடைசிக் குட்டி தடுமாறிச் சரிவில் இறங்குகிறவரை லாரி நின்றுவிட்டுக் கிளம்பியது.