படிக்காமல் அழுத்திய ‘சரி’

பள்ளியின் இணையதளத்துக்காக வாலுவும் மைனாவும் சேர்ந்து ஒரு வினாடி வினா பக்கம் எழுதினார்கள். நிரல் எழுதும் மென்பொருளான எடிட்டர்களில் எதில் எழுதுவது என்பதில்தான் இருவருக்கும் ஏழாம் பொருத்தம்.

"கறுப்புத் திரை, கலர் கலரா எழுத்து. இதான் கெத்து," என்பாள் வாலு.

"எனக்கு நோட்பேட் போதும். அது பாட்டுக்குச் சும்மா இருக்கும்," என்பாள் மைனா.

அவரவர் இஷ்டம் என்று விட்டுவிட்டார் கம்ப்யூட்டர் டீச்சர். ஆனால் இருவரும் எழுதியது பொது ஃபோல்டரில் இருந்த ஒரே ஃபைலில்.

இன்னும் பத்து நிமிடத்தில் தலைமையாசிரியர் பார்க்க வருகிறார். வாலு அவசரமாகத் தலைப்பின் நிறத்தை மாற்றிச் சேமித்தாள். எடிட்டர் ஏதோ கேட்டது. படிக்காமலே ‘சரி’யை அழுத்தினாள்.

பக்கத்தைத் திறந்து விளையாடிப் பார்த்தாள். மதிப்பெண் வரவில்லை. ஃபைலில் தேடினால், மதிப்பெண்ணைக் கணக்கிடும் நாற்பது வரிகளைக் காணோம். மைனா மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதி, சற்று முன்புதான் ஃபைலில் சேர்த்தவை.

வாலுவுக்கு அப்போதுதான் புரிந்தது. காலையில் திறந்து வைத்த பழைய ஃபைலை மைனா எழுதியதன் மேலேயே சேமித்துவிட்டாள். ‘இது மாறியிருக்கிறது, அழித்து எழுதட்டுமா?’ என்றுதான் எடிட்டர் கேட்டிருக்கிறது.

மைனா தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். அவளுடைய நோட்பேட் திறந்தபடி இருந்தால், அதில் அந்த வரிகள் இன்னும் இருக்கும். வாலு திரும்பிப் பார்த்தாள். கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்ளும் அண்ணா ஆளில்லாத கணினிகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தார். அவர் கை இப்போது மைனாவின் மவுஸ் மேல் இருந்தது.

"அண்ணா, வேணாம். அதை மூடாதீங்க," என்று ஓடினாள்.

"ஏம்மா? ஆளே இல்லையே," என்றபடி அவர் கையை எடுத்தார்.

அதற்குள் மைனா வந்துவிட்டாள். வாலுவின் திரையைப் பார்த்ததும் அவள் முகம் வாடியது. "மார்க் வரலையா? நான் எழுதினதுதான் தப்பு போல."

ஆமாம் என்று தலையாட்டினால் போதும், வாலு தப்பித்துவிடலாம். ஆனால் மைனாவின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

"இல்ல. நான் அழிச்சுட்டேன். எடிட்டர் கேட்டுச்சு, நான் படிக்கல."

மைனா ஓடிப்போய்த் தன் நோட்பேடைப் பார்த்தாள்; அந்த வரிகள் அப்படியே இருந்தன.

"கோபமா?"

"அப்புறமா கோபப்படுறேன். முதல்ல உன் எடிட்டரை மூடு. நான் சேமிச்சா உன் கலர் போயிடும், பரவாயில்லையா?"

"போகட்டும்."

மைனா சேமித்து முடிக்கவும் தலைமையாசிரியர் வரவும் சரியாக இருந்தது. அவர் உட்கார்ந்து விளையாடினார். பத்துக்கு மூன்று.

"இது சரியாத்தான் எண்ணுதா?" என்றார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு.

மைனா வாயைத் திறப்பதற்குள் வாலு முந்திக்கொண்டாள். "மைனா எழுதினது சார். தப்பே வராது."