நீலக் காரின் மூன்று கோடுகள்

நீலக் காரை விற்கப் போகிற செய்தியை அம்மா சோறு போடும்போதுதான் சொன்னார். அதுவும் இன்னொரு அப்பளம் வேண்டுமா என்று கேட்கிற குரலில் சொன்னார்.

"குண்டசாலையில ஒருத்தர் கேக்குறாரு. முதல்ல நல்லதா படம் எடுத்து அனுப்பச் சொன்னாரு. நம்ம வீட்டுல இனி யாரு ஓட்டுறது, சொல்லு?"

பதினோரு வயது சஞ்சீவனி தட்டைப் பார்த்தபடி இருந்தாள். அந்தக் காரை ஓட்டியவர் அப்பா. கண்டியில் எந்த மூலையில் கல்யாணம் நடந்தாலும் பூமாலை கட்டிக்கொண்டு அப்பாவின் கார் போகும். போன கார்த்திகையில் நெஞ்சுவலி வந்து அப்பா இறந்துபோனார். அன்றிலிருந்து அந்தக் கார் மஹய்யாவையில், அவர்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் தகரக் கராஜுக்குள் அப்படியே நிற்கிறது. இப்போது பெட்டரியும் இறங்கிவிட்டது.

கார் போகட்டும். ஆனால், அம்மா சுவரில் மாட்டி வைக்க அழகான படம் ஒன்றாவது வீட்டில் இருக்க வேண்டும். சஞ்சீவனி அன்றைக்கே அப்படி முடிவு செய்துவிட்டாள்.

பக்கத்து வீட்டு ஸிபான் அண்ணனை அவள் நானா என்றுதான் கூப்பிடுவாள். அவன் ஸ்டூடியோ ஒன்றில் வேலை செய்கிறான். வாகனங்களைப் படம் பிடிப்பதில் அவனுக்குப் பைத்தியம். அவன் வந்து கராஜைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"காரை வெளியில தள்ள ஏலாது. ரோட்டுல ஓட்டோ நிக்கவே இடமில்ல. ஃப்ளாஷ் போட்டா கண்ணாடியில வெள்ளைப் புள்ளிதான் விழும். ஆனா ஒரு வழி இருக்கு தங்கச்சி. உள்ளுக்க முழுசா இருட்டாக்கி, கொஞ்சம் கொஞ்சமா வெளிச்சம் பூசிப் பூசி எடுப்போம்."

"வெளிச்சத்தைப் பூசுறதா? பெயின்ட் மாதிரியா?"

"பெயின்ட் மாதிரியேதான். நாளைக்கு எடுப்போம். அதுக்கு முதல்ல கார் பளபளன்னு இருக்கோணும். ஒரு தூசி இருந்தாலும் அந்த வெளிச்சத்துல வேர்க்குரு மாதிரி தெரியும்."

அன்று சனிக்கிழமை. அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். சஞ்சீவனி வாளியும் ஷாம்புவும் பழைய பனியனுமாக இறங்கினாள். சக்கரம், கண்ணாடி, கதவு, ஒன்றையும் விடவில்லை. முன்பக்கப் பொனட்டின் நடுவில் ஆயுத பூசைக்கு வைத்த சந்தனம் காய்ந்து கறுத்துப் போயிருந்தது. மூன்று கோடும் நடுவில் குங்குமமும் இருந்த இடம் இப்போது வெறும் அழுக்கு மாதிரிதான் தெரிந்தது. அதையும் ஊறவைத்து, தேய்த்துத் தேய்த்து எடுத்தாள். காரில் முகம் பார்க்கலாம் போல ஆகிவிட்டது.

அம்மா பைகளோடு வந்தார். காரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே அது மாறியது. பைகளைத் தரையில் வைத்துவிட்டுப் பொனட் அருகே போனார்.

"இங்க இருந்த சந்தனம் எங்க?"

"கழுவிட்டேன்மா. காஞ்சு கறுப்பாப் போயிருந்துச்சு..."

அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "சரி, பரவாயில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். ஊற்றி வைத்த பால் தேத்தண்ணி ஆறி ஆடை கட்டியது. அம்மா அதைத் தொடவேயில்லை.

அப்போதுதான் சஞ்சீவனிக்கு உறைத்தது. ஆயுத பூசையன்று அந்தக் கோடுகளைப் போட்டவர் அப்பா. துக்க வருசம் என்பதால் பொங்கலுக்குப் புதுச் சந்தனம் வைக்கவில்லை. அம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காரைத் துடைப்பார். அந்த இடத்தை மட்டும் சுற்றித் துடைத்துவிட்டு வருவார். அம்மாவுக்கு மறதி என்றல்லவா இவள் நினைத்திருந்தாள்! அப்பாவின் விரல் பட்ட கடைசி அடையாளத்தை ஷாம்பு போட்டுக் கழுவி ஓடவிட்டிருக்கிறாள். அன்று தலையணையில் முகம் புதைத்து அழுதாள்.

மறுநாள் மத்தியானம் ஸிபான் நானா கமராவையும் மூன்று கால் ஸ்டாண்டையும் நீளமான குழல் விளக்கையும் தூக்கிக்கொண்டு வந்தான். சஞ்சீவனியின் வீங்கிய கண்களைப் பார்த்து என்ன நடந்தது என்று கேட்டான். கேட்டதும் அவனுடைய முகமும் வாடிவிட்டது.

"அல்லாஹ்வே! நான்தானே கழுவச் சொன்னேன்." சற்று யோசித்தான். "கவலப்படாதீங்க. கம்ப்யூட்டர்ல மூணு கோடு கீறி வச்சிருவோம். யாருக்கும் வித்தியாசம் தெரியாது."

சஞ்சீவனிக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனாலும் தலையை ஆட்டினாள்.

"வேணாம் நானா. அது நீங்க வச்ச கோடு. அப்பா வச்சது இல்லையே."

அவன் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. இருவருமாகக் கராஜை இருட்டாக்கினார்கள். கதவு இடுக்கில் சாக்குகளைத் திணித்தார்கள். தகரத்தில் இருந்த ஆணி ஓட்டைகளில் எல்லாம் பத்திரிகைத் தாளைச் சுருட்டி அடைத்தார்கள். வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே கை நீட்டினால் கை தெரியவில்லை.

"கமராவோட கண்ணு முப்பது செக்கன் திறந்திருக்கும்" என்றான் ஸிபான் நானா. "அதுக்குள்ள விளக்கைக் காருக்கு மேலால மெதுவாக் கொண்டு போகோணும். வெளிச்சம் பட்ட இடம் மட்டும் படத்துல விழும். ஆள் நடந்துக்கிட்டே இருந்தா ஆள் விழ மாட்டாங்க."

முதல் படத்தில் கதவுக்கு முன்னால் வெள்ளையாக ஏதோ மிதந்தது.

"ஐயோ, பேய்!" என்றாள் சஞ்சீவனி.

"பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. அறநெறிப் பாடசாலைக்குப் போட்ட வெள்ளை கவுனோட நிக்கிறீங்க. போய்க் கறுப்பா ஏதாவது போட்டுட்டு வாங்க."

உடுப்பை மாற்றிக்கொண்டு வந்தாள். கூரைக்கு ஸிபான் நானாவே விளக்கைப் பிடித்தான். பிறகு கதவுப் பக்கம், பிறகு சக்கரங்கள். ஒவ்வொரு படத்திலும் காரின் ஒரு துண்டு மட்டும் இருட்டிலிருந்து எழுந்து வந்தது. கமராவை மட்டும் யாரும் தொடக்கூடாது. அது ஓர் அங்குலம் நகர்ந்தாலும் துண்டுகள் பிறகு ஒன்றோடொன்று பொருந்தாது.

விளக்கை மேலே உயர்த்திப் பிடித்துப் பொனட்டை ஒருமுறை எடுத்தார்கள். இரண்டாவது முறை சஞ்சீவனியிடம் விளக்கைக் கொடுத்தான். அவள் கையை உயர்த்திக்கொண்டுதான் நடந்தாள். ஆனால் பாதியில் கை கடுத்துவிட்டது. விளக்கு இறங்கி இறங்கிப் பொனட்டின் ஓரத்துக்கே வந்துவிட்டது. வெளிச்சம் மேலிருந்து விழாமல், பக்கவாட்டில் தகட்டைத் தடவிக்கொண்டு போனது.

கமராத் திரையில் அந்தப் படம் வந்தது.

"விளக்கே கோடா விழுந்திருக்கு. அது பரவாயில்ல, வெட்டிரலாம்" என்றான் ஸிபான் நானா. பிறகு உதட்டைப் பிதுக்கினான். "ஆனா பொனட்டுல ஏதோ கறை தெரியுது. இது வேணாம். மேலால எடுத்ததையே வைப்போம்."

"நில்லுங்க நானா! அதைப் பெருசாக்குங்க."

அவன் பெரிதாக்கினான். நீலத்தின் நடுவில், சுற்றியிருந்த நிறத்தை விடச் சற்று மங்கலாக மூன்று கோடுகள் இருந்தன. மேலே இருந்த இரண்டும் நேராக இருந்தன. கீழ்க்கோடு மட்டும் கடைசியில் சரிந்து இறங்கியது.

சஞ்சீவனியின் கை தானாக நெற்றிக்குப் போனது. அப்பாவின் மோதிர விரல் எப்போதோ கார்க் கதவில் நசுங்கி வளைந்துவிட்டது. அவர் திருநீறு பூசிவிட்டால் கீழ்க்கோடு எப்போதும் இப்படித்தான் சரியும். "உன் நெத்தியில ரோட்டு வளையுதுடா" என்று அவரே சிரிப்பார்.

"நானா, இது கறை இல்ல. இது எங்க அப்பா."

ஸிபான் நானா திரைக்கு அருகே குனிந்து பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"சந்தனம் மாசக்கணக்கா அப்படியே கிடந்து பெயின்ட்டைக் கடிச்சிருக்கு. நேரா பாத்தா தெரியாது. வெளிச்சம் தாழ்வா வந்தாத்தான் தெரியும்."

அன்று மாலை அவன் மடிக்கணினியில் எல்லாப் படங்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினான். ஒன்றிலிருந்து கூரை, இன்னொன்றிலிருந்து கதவு, மற்றொன்றிலிருந்து சக்கரம். கடைசியாக, சஞ்சீவனி எடுத்த பொனட். விளக்கின் கோட்டை வெட்டினான். மூன்று கோடுகளைத் தொடவில்லை. இருட்டுக்கு நடுவில் முழுக் காரும் வந்து நின்றது.

அம்மா அந்தப் படத்தைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பொனட்டுக்கு வந்ததும் கண்கள் அங்கேயே நின்றுவிட்டன.

"கம்ப்யூட்டர்ல வரஞ்சதா?"

"இல்லம்மா. வாங்க, காட்டுறேன்."

சாக்குகள் இன்னும் எடுக்கப்படாத கராஜுக்குள் அம்மாவைக் கூட்டிப்போனாள். விளக்கைப் பொனட்டின் ஓரத்தில் தாழ்த்திப் பிடித்தாள். அம்மா குனிந்தார். மூன்று விரல்களையும் அந்தக் கோடுகளின் மேல் வைத்தார். பிறகு அழுதார். அப்பா போன பிறகு மகளின் முன்னால் அவர் அழுதது அதுதான் முதல் தடவை. சஞ்சீவனியும் அழுதாள். ஆனால் விளக்கைப் பிடித்த கையை அசைக்கவில்லை.

"குண்டசாலைக்காரருக்கும் இதே படத்தை அனுப்புவோம்" என்றார் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பொனட்டுல அடையாளம் இருக்குன்னு தெரிஞ்சே வாங்கட்டும்."

அவர் தெரிந்தேதான் வாங்கினார். அடுத்த வியாழக்கிழமை புதுப் பெட்டரியோடும், சக்கரத்துக்கு வைக்க எலுமிச்சம்பழத்தோடும், ஒரு கிண்ணம் சந்தனத்தோடும் வந்தார்.

"உங்க கையால வச்சுக் குடுங்கம்மா."

அம்மா கிண்ணத்தை வாங்கி மகளிடம் நீட்டினார். "நீ வை."

சஞ்சீவனி மூன்று விரல்களையும் சந்தனத்தில் தோய்த்தாள். பொனட்டின் நடுவில் சரியான இடம் எது என்று அவளுக்குத் தெரியும். இரண்டு கோடுகளை நேராக இழுத்தாள். கீழ்க்கோட்டின் கடைசியில் மோதிர விரலை வேண்டுமென்றே சற்றுச் சரித்தாள்.

கார் இறக்கத்தில் இறங்கி, வளைவில் திரும்பி மறைந்தது. அம்மா வீட்டுக்குள் வந்து, சுவரில் மாட்டியிருந்த காரின் படத்துக்கு எதிரே கதிரையைப் போட்டு உட்கார்ந்து, தேத்தண்ணியைச் சூடாக முழுவதும் குடித்தார்.